கீதாஞ்சலியும் ஒரு மாணவனின் வினாவும்



கலசப்பாக்கத்தில் நான் ஆசிரியப் பணி புரிந்த காலத்தில், ஒருநாள் தாகூரைப் பற்றிய பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, கீதாஞ்சலியை உலகம் போற்றுகிறதே, நம் திருவாசகத்தை ஏன் அவ்வாறு போற்றவில்லை?" என்று வினவினான். "நம்முடையதே உயர்ந்தது, உலகம் அறியாவிட்டால் நமக்கென்ன?" என்று சொல்லி அவனை அமர்த்திவிட்டேன். அது விடையன்று என்பதைப் பின்னரே உணர்ந்தேன். இன்று அக்கடனைத் தீர்க்க விரும்புகிறேன்.

கீதாஞ்சலி திடீரென முளைத்த நூலன்று. வங்க நாட்டில் சண்டிதாசர் முதலிய கவிஞர்கள் இராதை கண்ணன்பால் கொண்ட காதலைப் பாடினர். உயிர் இறைவனை நாடும் வேட்கையை அடியார்கள் அதிலே கண்டனர். 1486-இல் தோன்றிய சைதன்யர் அப்பாடல்களில் தோய்ந்தவர். ஊர்கூடிப் பாடும் கீர்த்தனத்தைப் பரப்பியவர். அவர் தென்னாட்டுக்கு வந்து, மழைக்காலம் நான்கு திங்களும் திருவரங்கத்தில் தங்கினார் எனச் சைதன்ய சரிதாமிருதம் கூறும். ஆகவே வங்கப் பக்தி நமக்கு அயலானதன்று. அம்மரபில் ஈடுபட்ட தாகூர், இளமையில் பானுசிங்கர் என்னும் புனைபெயரில் வைணவப் பாடல்கள் இயற்றினார். அவை 1884-இல் நூலாயின.

வங்க மொழிக் கீதாஞ்சலி 1910-இல் வெளிவந்தது. அதிலிருந்தும் தம் பிற நூல்களிலிருந்தும் தேர்ந்த 103 பாடல்களைக் கவிஞரே ஆங்கில உரைநடையில் அமைத்தார். 1912-இல் இலண்டனில் வெளியான அந்நூலுக்கு அயர்லாந்துக் கவிஞர் யேட்ஸ் முன்னுரை வரைந்தார். 1913-இல் நோபெல் பரிசு கிடைத்தது. ஆசியாவில் அதனைப் பெற்ற முதல்வர் தாகூரே.

திருவாசகமோ அதற்கு 13 ஆண்டுகள் முன்னரே, 1900-இல், போப்பையரால் ஆங்கிலத்தில் வந்துவிட்டது. அப்போது அவருக்கு வயது 80. அருந்தொண்டுதான், எனினும் ஒரு வேறுபாடு உண்டு. தாகூர் தம் பாட்டின் சந்தத்தைத் துறந்தார். வேண்டிய இடத்தில் சுருக்கினார், மாற்றினார். தம் பாட்டாதலால் அவருக்கு அவ்வுரிமை இருந்தது. பிறர் பாட்டைப் பெயர்ப்பவருக்கு அது ஏது? மேலும், தாகூர் இலண்டனில் கவிஞர்களோடு கலந்து பழகினார். மாணிக்கவாசகர் அங்கே செல்ல இயலுமா?

ஆகவே, உலக இலக்கியத்தில் இடம்பெறப் பாட்டின் உயர்வு மட்டும் போதாது. அதனைச் சுமந்து செல்வோரும் வேண்டும். நம் பக்கத்து ஆரணிப் பட்டும் எடுத்துச் செல்வார் இன்றேல் தறிவீட்டிலேயே தங்கிவிடுமன்றோ?

திருவெம்பாவை பிறந்த திருவண்ணாமலை நமக்கு அருகிலேயே உள்ளது. மாணவர்களே, எது உயர்ந்தது என்று வழக்காட வேண்டா. வங்க மொழி கற்றுத் தாகூரை அவர் மொழியிலேயே படியுங்கள். பிறமொழி வல்லவராகித் திருவாசகத்தை உலகுக்குக் கொண்டு செல்லுங்கள். அன்று நான் அம்மாணவனுக்குச் சொல்லியிருக்க வேண்டிய விடை இதுவே.