ஜாடிக்குள் வந்த ஸ்ட்ராபெரி

சுற்றிலும் சின்னச் சின்னப் பைகள் வைத்த மண்ஜாடிக்கு ஸ்ட்ராபெரி ஜாடி என்றே பெயர். செடி தேர்வு சரியான கணக்குதான். வேர் ஆழமாகப் போகாது. பழம் மண்ணில் படாமல் வெளியே தொங்குவதால் சீக்கிரம் அழுகாது.

ஆனால் அந்தச் செடியே தற்செயலாகப் பிறந்தது! 1712-ல் ஃப்ரெஸியே என்ற பிரெஞ்சு ராணுவப் பொறியாளர், ஸ்பெயின்காரர்களின் கோட்டைகளை உளவு பார்க்கத் தென் அமெரிக்கா கிளம்பினார். சிலியில் கண்ட பெரிய ஸ்ட்ராபெரி அவரை மயக்கிவிட்டது. திரும்பும் கப்பலில் குடிநீருக்கே தட்டுப்பாடு. அதிலும் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றி, 1714-ல் ஐந்தை மட்டும் உயிரோடு கொண்டு சேர்த்தார்.

அங்கேதான் சிக்கல். ஐந்தும் பெண் செடிகள். பூத்தன, காய்க்கவில்லை. இத்தனை பாடும் வீணா? பல வருடங்கள் கழித்து, பிரெஸ்ட் நகரப் பக்கம் வட அமெரிக்க வர்ஜீனியா ஸ்ட்ராபெரியை அருகில் நட்டபோது மகரந்தம் கிடைத்தது. அந்தக் கலப்பில் வந்ததுதான் இன்றைய ஸ்ட்ராபெரி. 1766-ல் இதை விளக்கிப் புத்தகம் எழுதிய துஷேனுக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை.

ஜாடிக்கும் ஒரு சிக்கல் உண்டு. மேலே ஊற்றும் தண்ணீர் கீழ்ப்பைகளுக்குச் சரியாகப் போகாது. அதனால் நடுவில் ஓட்டை போட்ட குழாயை நிறுத்தி, அதற்குள் ஊற்றுகிறார்கள்.