கோழியும் கொள்ளும்

புரட்டாசி பிறந்துவிட்டால் நம் ஊர்க் கறிக்கடைகளில் கூட்டம் குறைந்துவிடும். பல வீடுகளில் அந்த மாதம் முடியும்வரை கறி, மீன், முட்டை எதுவும் அடுப்பேறாது. அப்போது தட்டில் கறி இருந்த இடத்துக்கு என்ன வருகிறது என்று கவனித்துப் பாருங்கள். உருளைக்கிழங்கு வறுவல் வரும், சேப்பங்கிழங்கு வரும், அப்பளம் வரும். பக்கத்தில் நீர்த்த சாம்பார் ஒரு கரண்டி. கறி போனதில் தவறில்லை. அதனோடு புரதமும் போய்விடுகிறதே, அதுதான் கவலை.

கொழுப்பு கூடிவிட்டதென்றோ, விலை கட்டவில்லையென்றோ, உயிரைக் கொன்று தின்ன மனம் ஒப்பவில்லையென்றோ ஆண்டு முழுவதும் கறியைக் குறைக்க நினைப்பவர்களுக்கும் இதே கவலை உண்டு. அவர்களுக்காக இரண்டு உணவுகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஒன்று, ஞாயிறுதோறும் வாங்கும் கறிக்கோழி. மற்றொன்று, கொங்கு நாட்டில் கொள்ளு என்றும் நெல்லைப் பக்கம் காணம் என்றும் வழங்கும் பயறு.

எவ்வளவு வேண்டும்?

அளவுகோல் இல்லாமல் ஒப்பிட முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு 54 கிராம், 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஏறக்குறைய 46 கிராம். இது தரமான புரதத்துக்கான கணக்கு. சோற்றையும் கோதுமையையுமே பெரிதும் நம்பியிருப்பவர்கள் கிலோவுக்கு 1 கிராம் என்று வைத்துக்கொள்வது நல்லது. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்களின் தேவை இதைவிடக் கூடுதல்.

எடையில்

100 கிராம் எலும்பில்லாத பச்சைக் கோழிக்கறியில் 20 கிராமுக்குச் சற்று மேல் புரதம் இருக்கிறது. 100 கிராம் காய்ந்த கொள்ளிலும் ஏறக்குறைய 22 கிராம் இருக்கிறது. தராசில் இரண்டும் சமம்.

அடுப்பில் ஏற்றியதும் கணக்கு மாறுகிறது. கறி வேகும்போது நீரை இழந்து சுருங்கும். கொள்ளு நீரைக் குடித்து இரண்டு மடங்குக்குக் குறையாமல் கனக்கும். அதனால் 100 கிராம் கறியை நாலு வாயில் தின்றுவிடலாம். 100 கிராம் கொள்ளை வேகவைத்து ஒரே வேளையில் ஒருவர் தின்பது எளிதில்லை. கலோரியிலும் இடைவெளி பெரிது. தோல் நீக்கிய நெஞ்சுக்கறியில் சுமார் 120 கலோரி என்றால், அதே எடைக் கொள்ளில் 320க்கு மேல். கொள்ளின் எடையில் பாதிக்கு மேல் மாவுச்சத்து என்பதே காரணம். ஆகவே கறியைக் குறைத்துப் பயறைக் கூட்டுகிறவர் சோற்றையும் ஒரு பிடி குறைத்தாக வேண்டும்.

தரத்தில்

புரதம் என்பது அமினோ அமிலங்களின் கோவை. உடலால் தானே செய்துகொள்ள முடியாத ஒன்பதும் உணவில் இருந்தே வர வேண்டும். கோழியில் ஒன்பதும் போதிய அளவில் இருக்கின்றன, செரிமானமும் எளிது. ஒன்றை உச்சமாகக் கொண்ட தர அளவீட்டில் கறிக்கும் முட்டைக்கும் அதை ஒட்டிய மதிப்பு. பருப்பு வகைகள் பெரும்பாலும் பாதிக்கும் முக்காலுக்கும் இடையில் நிற்கின்றன. கொள்ளில் அந்த ஒன்பதில் ஒன்றான மெத்தியோனின் குறைவு. வேகாத பயறில் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்களும் உண்டு.

இந்தக் குறைகளுக்கு நம் அடுக்களையிலேயே மருந்து இருக்கிறது. கொள்ளில் குறைவான மெத்தியோனின் அரிசியில் உண்டு. அரிசியில் குறைவான லைசின் என்ற இன்னோர் அமிலம் கொள்ளில் நிறைய உண்டு. இட்லியிலும் வெண்பொங்கலிலும் பருப்புச் சோற்றிலும் நடப்பது இந்தக் கொடுக்கல் வாங்கல்தான். இரண்டையும் ஒரே வேளையில் தின்ன வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. 1971இல் அமெரிக்க எழுத்தாளர் பிரான்சிஸ் மூர் லாப்பே தம் நூலில், தாவரப் புரதங்களை ஒரே வேளையில் இணைத்து உண்ண வேண்டும் என்று எழுதியபோது அது உலகெங்கும் பரவியது. பத்தாண்டு கழித்து வந்த அந்நூலின் பதிப்பில் அவரே அதைத் திருத்திக்கொண்டார். நாள் முழுவதும் பலவகையாக உண்டால் போதும்.

மற்றொரு மருந்து பக்குவம். கொள்ளை இரவே ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புதுநீர் விட்டுக் குக்கரில் மசிய வேகவைத்தால் செரிமானத் தடைகள் பெருமளவு அடங்கும், வாய்வும் குறையும். முளைகட்டினால் இன்னும் நல்லது. ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: கொள்ளு வெந்த நீரில் வைக்கும் ரசம் சளிக்கு இதமாக இருக்கலாம், ஆனால் புரதத்தில் பெரும்பகுதி பயறிலேயே தங்கிவிடுகிறது. நீரை ரசத்துக்கு வடித்துவிட்டுப் பயறை மசியலாகவோ துவையலாகவோ அரைக்கும் கொங்கு வழக்கத்தில் எதுவும் வீணாவதில்லை.

கூட வருபவை

புரதம் தனியே வருவதில்லை. கோழியோடு வைட்டமின் பி12 வருகிறது. கொள்ளில் அது அறவே இல்லை. கறியில் உள்ள இரும்பு எளிதில் உடலில் சேரும்; பயறில் இரும்பு கூடுதலாக இருந்தாலும் உறிஞ்சப்படுவது குறைவு. கொள்ளு மசியலில் எலுமிச்சை பிழிந்தால் அது கூடும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் குறையும்.

கொள்ளோடு வருவது நார்ச்சத்து. கோழியில் அது துளியும் இல்லை. 100 கிராம் கொள்ளில் 250 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. கோழிக்கறியில் மிகச் சொற்பம். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்ற பழமொழியைக் கேட்டுக் கொள்ளு உடலை உருக்கிவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. உண்மையில் கொள்ளில் கொழுப்பு மிகக் குறைவு, நார் மிகுதி. வயிறு நிறைந்து பசி தாமதமாக வரும். எள்ளின் பெருமை எண்ணெயில், கொள்ளின் பெருமை புரதத்தில். இளைத்தவனும் அஞ்சாமல் உண்ணலாம்.

நிலத்தில்

பல்லடம் வட்டாரப் பண்ணைகளில் வளரும் கறிக்கோழி ஆறு வாரத்துக்குள் இரண்டு கிலோவை எட்டுகிறது. ஒரு கிலோ எடை கூட அது தின்பது ஒன்றரை முதல் இரண்டு கிலோ தீவனம். அந்தத் தீவனத்தில் ஐந்தில் ஒரு பங்கு புரதம். அதில் பெரும்பகுதி சோயாப் பிண்ணாக்கிலிருந்து வருவது. சோயாவும் பயறு இனமே. கோழி தின்ற புரதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே கறியாக நம் தட்டுக்குத் திரும்புகிறது. ஆட்டையும் மாட்டையும் நோக்க இது சிக்கனமான கணக்கு. பயறை நேரே தின்பதை நோக்கச் செலவான கணக்கு.

கொள்ளுக்குத் தீவனம் கிடையாது. தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்து மானாவாரி நிலத்தில் மழை ஈரமே அதற்குப் போதும். வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றின் தழைச்சத்தை மண்ணுக்கு ஈட்டித் தரும். கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பையூர் ஆராய்ச்சி நிலையம் இதற்கென்றே பையூர் 1, பையூர் 2 என்ற ரகங்களைத் தந்திருக்கிறது.

தட்டில்

நால்வர் உள்ள வீட்டை எடுத்துக்கொள்வோம். அரைக் கிலோ கோழி எடுத்தால் எலும்பு போக ஆளுக்கு 16, 17 கிராம் புரதம். கறியில்லாத நாளில் 100 கிராம் துவரம் பருப்பில் சாம்பார் வைத்து, காலை இட்லிக்கும் மதியச் சோற்றுக்கும் ஊற்றினால், இரண்டு வேளைக்கும் சேர்த்தே ஆளுக்கு ஐந்தரை கிராம்தான். குறை பருப்பில் இல்லை, அளவில் இருக்கிறது. கறியை நாம் உணவாக உண்கிறோம், பருப்பைத் தொட்டுக்கொள்கிறோம்.

அதே வீட்டில் 200 கிராம் கொள்ளு மசியலானால் ஆளுக்கு 11 கிராம். மாலையில் 120 கிராம் கொண்டைக்கடலை சுண்டலானால் ஆளுக்கு ஐந்தரைக்கு மேல். கோழி விட்ட இடம் நிறைந்துவிட்டது. செரிமானத்தில் குறைவதை ஈடுகட்ட ஒரு கிண்ணம் தயிரோ, உண்பவர்களுக்கு ஒரு முட்டையோ போதும். பி12 குறையையும் இவை ஓரளவு தாங்கும். பால், முட்டையையும் விலக்குபவர்கள் பி12ஐ மருத்துவரிடம் கேட்டு மாத்திரையாக எடுக்க வேண்டும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக்கூடாது.

அளவு சிறிதாக இருக்க வேண்டியவர்களுக்குக் கோழி உதவும்: பசி மந்தமான முதியவர்கள், நோயிலிருந்து தேறுபவர்கள், கொஞ்சமே உண்ணும் குழந்தைகள். அவர்களிடமிருந்து கறியை அவசரப்பட்டுப் பிடுங்க வேண்டாம். நன்றாகப் பசித்து உண்ணும் மற்றவர்களுக்குக் கொள்ளும் அதன் பங்காளிப் பயறுகளும் வாரத்தில் பல நாள் கோழியின் இடத்தை எடுத்துக்கொள்ள முடியும். ஒரே நிபந்தனை, கறியைக் குறைக்கிற வீட்டில் குழம்பு கெட்டியாக வேண்டும்.

மானாவாரி நிலத்தில் கொள்ளு விதைப்பதும் புரட்டாசியை ஒட்டித்தான். கறிச்சட்டியைக் கவிழ்த்து வைக்கும் அந்த மாதத்தில், கிழங்கை வறுக்கும் முன் முதல் நாள் இரவே 200 கிராம் கொள்ளை ஊறவைத்துவிடுங்கள்.