மின்னேரியாவின் லிபரேட்டர்கள்

1944 ஏப்ரலில் நேசநாட்டுத் தளபதி மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியத் தலைமையகம் கண்டியை அடுத்த பேராதனைப் பூங்காவுக்கு வந்தது. மறு ஆண்டு, கண்டிக்கு வடக்கேயுள்ள மின்னேரியாவிலிருந்து பிரிட்டிஷ் விமானப்படையின் 160ஆவது படைப்பிரிவு லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களைச் சிங்கப்பூர்வரை அனுப்பிக் கடற்கண்ணி விதைத்தது. போய்வர இருபது மணி நேரத்துக்கும் மேல், பெரும்பகுதியும் கடலின்மீது. அந்த வழியில் ஓர் எஞ்சின் நின்றால் அது உயிர்ப்பிரச்சினை.

லிபரேட்டருக்கு நான்கு எஞ்சின்கள். நின்றுபோன எஞ்சினின் காற்றாடி வெறுமனே சுழன்றால் விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும். விமானி பொத்தானை அழுத்த, எண்ணெய் அழுத்தம் அதன் தகடுகளைத் திருப்பி, விளிம்பு காற்றைக் கிழிக்கும்படி நிறுத்தும். அடுத்து அந்த எஞ்சினுக்கான எரிபொருளை அடைத்து, ஒருபக்க இழுப்பைச் சுக்கானால் சமன்செய்வர். மற்ற மூன்றும் கூடுதலாக உழைப்பதால் எரிபொருள் விரைந்து கரையும். உயரம் இறங்கிக்கொண்டே போனால் கண்ணிகளையும், தேவைப்பட்டால் துப்பாக்கிகளையும் கடலில் எறிவர். கடலில் இறங்குவது கடைசி வழி. குண்டறையின் மெல்லிய கதவுகள் மோதலில் நொறுங்கி நீர் புகுவதால், லிபரேட்டரில் அது மிக ஆபத்தானது.