எழுத்தாளருக்கு வகுப்பறையில் இடமுண்டா?

கேளம்பாக்கம் - வண்டலூர் சாலையிலும் பழைய மாமல்லபுரம் சாலையிலும் உயர்கல்வி நிறுவனங்கள் பெருகியுள்ளன. அங்குப் பயிலும் மாணவரிடம் தாம் கண்ட ஒன்றைப் பத்து வரிகளில் சொந்த நடையில் எழுதச் சொன்னால் பலரும் திகைப்பர். பொருளியல் கற்பித்த ஆண்டுகளில் நானும் இதைக் கண்டேன். விலைவாசி உயர்வு குறித்துக் கேட்டால், வழிகாட்டி நூலின் பத்தி அப்படியே விடைத்தாளில் வரும். மாணவர் வீட்டு மளிகைக் கணக்கு வராது.

எழுதுவோரே கற்பிப்பது நமக்குப் புதிதன்று. சென்னை கிறித்தவக் கல்லூரி 1937-இல் தாம்பரத்துக்கு இடம்பெயரும் முன்பே அங்குத் தமிழ் கற்பித்தவர் பரிதிமாற் கலைஞர். 'ரூபாவதி', 'கலாவதி' நாடகங்களைத் தந்த அவர், 1903-இல் தமது 33-ஆம் வயதில் மறைந்தார். பாரதியார் 1904-இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்தார். பச்சையப்பன் கல்லூரியில் மு. வரதராசனாரும், வாணியம்பாடி இசுலாமியாக் கல்லூரியில் அப்துல் ரகுமானும், சென்னை புதுக்கல்லூரியில் இன்குலாபும், அரசுக் கல்லூரிகளில் பெருமாள்முருகனும் பணியாற்றினர்.

ஆயினும், இவர்களுள் பெரும்பாலோர் பணியமர்த்தப்பட்டது பட்டத்தின் பேரில். கற்பித்தது பெரும்பாலும் வகுக்கப்பட்ட பாடத்திட்டத்தை. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட ஜெயகாந்தன், 2002-ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருது பெற்றார். அவர் படைப்புகள் பாடமாகலாம். அவர் விரிவுரையாளராக விதியில் இடமில்லை.

இந்நிலையை மாற்ற ஒரு வாயில் திறந்துள்ளது. பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் வெளியிட்ட 'புரொஃபசர் ஆஃப் பிராக்டிஸ்' நெறிமுறைகளின்படி, தம் துறையில் குறைந்தது 15 ஆண்டு அனுபவமுள்ள வல்லுநரைப் பட்டம் கட்டாயமின்றி நியமிக்கலாம். துறைகளின் பட்டியலில் இலக்கியமும் உண்டு. எண்ணிக்கை, அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும்.

அமெரிக்க அனுபவம் இங்கு எச்சரிக்கையாகும். 1936-இல் அயோவா பல்கலைக்கழகத்தில் எழுத்துப் பட்டறை தொடங்கியது. பின்னர் இத்தகைய பட்டப்படிப்புகள் பெருகின. அவற்றில் தேறிய பலர், சமுதாயக் கல்லூரிகளில் முதலாண்டுக் கட்டுரைப் பயிற்சி அளிக்கும் பகுதிநேர ஆசிரியர்களாயினர். பாடத்துக்கு இவ்வளவு என்ற ஊதியத்தில் பல கல்லூரிகளுக்கு ஓடுவோருக்குச் சொந்த எழுத்துக்கு நேரமேது?

கணக்கு எளிது. ஒரு வகுப்பில் 60 மாணவர். வாரம் ஒரு கட்டுரை. திருத்த ஒன்றுக்குப் பத்து நிமிடம் என்றாலும் 10 மணி நேரம் வேண்டும். அவ்வுழைப்பு ஊதியக் கணக்கில் சேராவிடில் திருத்தம் நடவாது; திருத்தமின்றி எழுத்துப் பயிற்சியும் இல்லை.

எனவே, கல்லூரிகள் முதலாண்டில் எழுத்துப் பயிற்சியைத் தனித்தாளாக்கி, இருபது பேருக்கு ஒரு குழு அமைத்து, திருத்தும் நேரத்துக்கும் ஊதியம் தர வேண்டும். எழுத்தாளரை ஆண்டு விழாவுக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தும் கல்லூரிகள், அவரிடம் ஒரு வகுப்பையும் ஒப்படைக்கட்டும்.