வேத்தியலும் பொதுவியலும்: சந்திரலேகாவின் நடனங்களில் வாழ்வியற் போராட்டம்

பண்டைத் தமிழர் கூத்தினை வேத்தியல், பொதுவியல் என இரு திறப்படுத்தினர். வேந்தன் அவையில் ஆடப்பெறுவது வேத்தியல். யாவரும் காண ஆடப்பெறுவது பொதுவியல். சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையிலும் இப்பாகுபாடு பேசப்படுகின்றது. ஆடற்கலை எவர்பொருட்டு என்னும் வினா இதனுள்ளே அடங்கிக் கிடக்கின்றது. சென்னையில் வாழ்ந்த நடனக் கலைஞர் சந்திரலேகா (1928–2006) தம் வாழ்நாளில் இவ்வினாவையே மீண்டும் மீண்டும் எழுப்பினார். அவர் கண்ட விடை யாது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அவர் கற்ற கலையின் வரலாற்றை முதலில் நோக்குவோம். இன்று பரதநாட்டியக் கச்சேரியில் வழங்கும் உருப்படிகளின் ஒழுங்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் தஞ்சைச் சகோதரர் நால்வராற் செப்பஞ் செய்யப்பட்டது. கோயிலிலும் அரசவையிலும் ஆடிவந்த தேவதாசியரும், அவர்க்குப் பயிற்றிய நட்டுவனாரும் அதனைத் தலைமுறை தலைமுறையாகப் பேணினர். அரசர் ஆதரவு அருகியபோது இக்கலை நலிவுற்றது. சமூக சீர்திருத்த இயக்கமும் தேவதாசி முறையைக் கண்டித்தது. பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடுக்குஞ் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் நிறைவேறியது. இதற்கிடையில் ஈ. கிருஷ்ண ஐயர் போன்றோர் இக்கலைக்காக வாதாடினர். ருக்மிணி தேவி 1935இல் மேடையேறி, 1936இற் கலாக்ஷேத்திரத்தை நிறுவினார். சதிர் என்று வழங்கிய ஆடல் பரதநாட்டியம் என்னும் பெயரால் நிலைபெற்றது. கலை பிழைத்தது; ஆனால் அதனைக் காத்துவந்த குலத்துப் பெண்களிற் பெரும்பாலோர் மேடையினின்றும் மறைந்தனர். இந்த ஊதியத்தையும் இழப்பையும் ஒருங்கு நோக்காதார்க்குப் பின்வந்த எதிர்ப்புக் குரலின் காரணம் விளங்காது.

மகாராட்டிரத்திற் பிறந்த சந்திரலேகா, சட்டக்கல்வியை இடையில் நிறுத்திச் சென்னைக்கு வந்து, காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளையிடம் நடனம் பயின்றார். அவருடைய அரங்கேற்றம் 1952இல், இராயலசீமைப் பகுதியின் வறட்சி நிவாரணத்துக்கு நிதி திரட்டும் நிகழ்ச்சியாக நடைபெற்றது. அன்று அவர் ஆடிய உருப்படிகளுள் ஒன்று யமுனையின் நீர்ப்பெருக்கையும் கோபியரின் நீர் விளையாட்டையும் அபிநயிப்பது. ஆடிக்கொண்டிருக்கையிலேயே, பத்திரிகைப் படங்களிற் கண்ட வெடித்த நிலமும் நீருக்கு ஏங்கி நின்ற மக்களும் தம் மனக்கண்முன் தோன்றியதாக அவர் பிற்காலத்திற் கூறியுள்ளார். மேடையில் நீர் பெருகுகின்றது. நாட்டில் நீர் இல்லை. கலைக்கும் வாழ்வுக்கும் இடையேயுள்ள இம்முரண்பாட்டை அவரால் மறக்க இயலவில்லை.

அவர் உடனே நடனத்தைத் துறந்தாரல்லர். 1972இல் 'நவக்கிரகம்' என்னும் ஆக்கத்தை அளித்தபின், நெடுங்காலம் மேடையினின்றும் விலகியிருந்தார். அக்காலத்திற் சுவரொட்டி வரைதல், எழுத்து, பெண்கள் இயக்கம் ஆகியவற்றில் ஈடுபட்டார். 1982இல் அவர்மீது இராசத்துரோகக் குற்றச்சாட்டும் சுமத்தப்பட்டது. பின்னர் அது கைவிடப்பட்டது. எனவே, போராட்டம் அவர்க்கு நடனத்தின் கருப்பொருளாவதற்கு முன்பே வாழ்வின் அனுபவமாயிற்று.

1984இற் பம்பாயில் நடைபெற்ற கிழக்கு–மேற்கு நடனச் சந்திப்பு அவரை மீண்டும் அரங்குக்கு அழைத்தது. மறு ஆண்டு 'அங்கிகா' தோன்றியது. நால்வகை அபிநயங்களுள் உடலால் நிகழ்வதே ஆங்கிகம். அப்பெயரைச் சூட்டியதிலேயே அவருடைய கொள்கை வெளிப்படுகின்றது. பாட்டின் பொருளை முகத்தாலும் கையாலும் விரிக்கும் முறையை ஒதுக்கி, அரைமண்டியையும் அடவையும் களரிப்பயிற்றோடும் யோகாசனத்தோடும் இணைத்தார். அலங்காரம் குறைந்தது, உடல் தெளிவாகப் புலப்பட்டது.

இதன் பயனை, 1991ஆம் ஆண்டளவில் உருப்பெற்ற 'ஸ்ரீ' என்னும் ஆக்கத்திற் காணலாம். முதுகு கூனிய பெண்கள் மெல்ல மெல்ல ஊர்ந்து மேடையைக் கடக்கின்றனர். பெண்ணடிமையை விளக்க அங்கே வசனமுமில்லை. வளைந்த முதுகெலும்பே அதனைச் சொல்கின்றது. முடிவில் பல கைகளுடன் தேவியின் வடிவம் நிமிர்ந்தெழுகின்றது. நேராக நிமிர்ந்த முதுகு பரதநாட்டிய மாணவி முதல் நாளிலே கற்கும் பாடம். அப்பாடத்தையே மானிட விடுதலையின் குறியீடாக்கினார் சந்திரலேகா. புதுமையைத் தேடி அவர் இலக்கணத்தை விட்டு ஓடவில்லை. இலக்கணத்தின் அடித்தளத்துக்கே இறங்கினார்.

இதனை ஏற்காதாரும் உளர். பக்தியும் பாவமும் நீங்கிய ஆடல் பரதமாகுமோ என்பது அவர்தம் வினா. அவ்வினாவைப் புறக்கணித்தல் தகாது. தேவதாசி மரபில் வந்த பேரறிஞர் பாலசரஸ்வதி 1975இல் தமிழ் இசைச் சங்கத்தில் ஆற்றிய தலைமையுரையில், அலாரிப்பு முதல் தில்லானா வரையிலான ஒழுங்கினைக் கோயிலின் அமைப்போடு ஒப்பிட்டு, அதன் முழுமையை வலியுறுத்தினார். அம்முழுமையைக் கலைத்தால் இழப்பு உண்டு என்பது உண்மையே. ஆயினும், பசித்தவன் முன் பாற்கடலை அபிநயித்து அமைதியடைய மறுத்த உள்ளத்தின் நேர்மையும் அதற்கு இணையாக மதிக்கத்தக்கதாகும்.

பொதுவியல் என்னும் பெயர் சந்திரலேகாவின் ஆக்கங்களுக்கு முற்றும் பொருந்துமா? அவற்றைக் கண்டோர் பெரும்பாலும் நகரத்துக் கலையன்பரும் வெளிநாட்டு விழாக்களுக்கு வந்தோருமே. ஆகவே, காண்போரை நோக்கின் அப்பெயர் முழுதும் பொருந்தாது. பேசும் பொருளை நோக்கின் நன்கு பொருந்தும். 2001இல் அவர் இறுதியாக அளித்த பேராக்கமாகிய 'சரீரா' வரையில், பேசுபொருள் யாவர்க்கும் பொதுவான மானிட உடலே. அவ்வுடல் படும் இடர், அதன் ஆற்றல், அதன் மானம் ஆகியவையே அவர் ஆடற்பொருள்.

அரசவையிலே வளர்ந்த இலக்கணத்தைக் கொண்டு மக்களின் துயரைப் பேசலாம் என்று அவர் நிறுவிக் காட்டினார். இனி, அத்துயரைச் சுமப்போரையும் காண்போராய் அவ்வரங்கின் முன் அமரச் செய்வது எங்ஙனம் என்பதே அவர்க்குப் பின் வருவோர்முன் உள்ள வினாவாகும். அதற்கு விடை கிடைக்கும் நாளிலேயே வேத்தியலும் பொதுவியலும் ஒன்றாகும்.