காலநிலை மாற்றம்: சந்தேகித்தவர் கண்ட விடை

பூமி வெப்பமடைய மனிதரே காரணம் என்று எழுதும்போதெல்லாம், "விஞ்ஞானிகளுக்குள்ளேயே இதில் உடன்பாடு இல்லையாமே?" என்று என்னிடம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேட்பதில் தவறில்லை. அவர்களுக்கு நான் முதலில் சொல்வது அமெரிக்கரான ரிச்சர்ட் முல்லரைப் பற்றி.

பேர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பௌதிகவியல் பேராசிரியரான முல்லர், வெப்பநிலைப் பதிவுகளைச் சந்தேகித்தார். நகரங்களின் சூடு அளவீடுகளைக் கூட்டிக் காட்டுகிறதா? தரமற்ற நிலையங்களின் தரவுகள் கலந்துவிட்டனவா? சாதகமான பதிவுகள் மட்டும் பொறுக்கி எடுக்கப்பட்டனவா? 2010இல் 'பேர்க்லி ஏர்த்' என்ற குழுவைத் தொடங்கி ஒவ்வொன்றாகச் சோதித்தார். நிதி வழங்கியோரில் எண்ணெய்த் தொழிலதிபர் சார்ள்ஸ் கோக்கின் அறக்கட்டளையும் ஒன்று.

சோதனையில் பழைய பதிவுகள் சரியென்றே தெரிந்தது. 250 ஆண்டுகளில் நிலப்பரப்பின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 1.5 பாகை செல்சியஸ் உயர்ந்திருந்தது. சூரியனின் மாற்றங்கள் அந்த உயர்வுடன் பொருந்தவில்லை. காபனீரொட்சைட்டின் அதிகரிப்புப் பொருந்தியது. ஏறக்குறைய முழுக் காரணமும் மனிதரே என்று 2012இல் முல்லர் பகிரங்கமாக எழுதினார்.

விஞ்ஞானிகளின் ஒருமித்த முடிவு வாக்கெடுப்பில் வந்ததல்ல. வெவ்வேறு வழிகளில் தேடியவர்கள் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்ததன் விளைவு அது. காபனீரொட்சைட்டு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் என்பதை 1859இல் ஜோன் டின்டால் ஆய்வுகூடத்தில் அளந்தார். 1958இல் ஹவாயில் சார்ள்ஸ் கீலிங் அளக்கத் தொடங்கியபோது, காற்றின் பத்து இலட்சம் பங்கில் அந்த வாயு சுமார் 315 பங்கு இருந்தது. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. சூரியன்தான் காரணமென்றால் வளிமண்டலம் முழுவதும் சூடாக வேண்டும். ஆனால் கீழ்ப்பகுதி சூடாக, மேலேயுள்ள படைமண்டலம் குளிர்வதையே செய்மதிகள் காட்டுகின்றன. மனிதச் செயலே காரணம் என்பதில் ஐயமில்லை என 2021இல் ஐ.நா.வின் காலநிலைக் குழு அறிவித்தது.

இன்னும் விவாதத்தில் இருப்பவை வேறு: முகில்கள் எப்படி மாறும், ஒவ்வொரு பிரதேசத்திலும் மழை எவ்வளவு கூடும் அல்லது குறையும், காபனீரொட்சைட்டு இருமடங்கானால் வெப்பம் எவ்வளவு ஏறும் என்பன. கடைசிக் கேள்விக்கு அக்குழு தரும் மதிப்பீடு பெரும்பாலும் 2.5 முதல் 4 பாகை வரை.

இந்த நேர்மையான ஐயங்களுக்கு அப்பால், திட்டமிட்டு வளர்க்கப்பட்ட சந்தேகமும் உண்டு. எக்ஸன் எண்ணெய் நிறுவனத்தின் விஞ்ஞானிகள் 1970களின் பிற்பகுதியிலிருந்தே வெப்ப உயர்வைப் பெருமளவு சரியாகக் கணித்திருந்தனர். நிறுவனமோ வெளியே, விஞ்ஞானம் இன்னும் உறுதியாகவில்லை என்று பல ஆண்டுகள் சொல்லிவந்தது. "ஆதாரம் போதாது" என்று காலத்தைக் கடத்தும் உத்தி எங்களுக்குப் புதிதல்ல.

ஆகவே சந்தேகம் எழுப்புவோரிடம் நான் ஒன்றைத்தான் கேட்பேன்: எந்த ஆதாரம் கிடைத்தால் உங்கள் கருத்தை மாற்றுவீர்கள்? முல்லரிடம் அதற்கு விடை இருந்தது.