துளையும் மேற்பரப்பும்: தோட்டப்புறம் கண்ட மின்னணு வரலாறு



பிள்ளைகளுக்கு மின்னணுப் பயிற்சிப் பெட்டி வாங்க விரும்பும் பெற்றோர் என்னிடம் அடிக்கடி வினவுவது ஒன்றுண்டு: "ஐயா, கம்பிக்கால் நீண்ட பாகங்களை வாங்குவதா, பலகையின்மேல் ஒட்டிக் கிடக்கும் பொடிப் பாகங்களை வாங்குவதா?" இதற்கு விடை கூற வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டும். அவ்வரலாற்றில் நம் நெகிரி செம்பிலான் தோட்டப்புற மக்களுக்கும் பங்குண்டு.

டிரான்சிஸ்டர் வானொலி 1954ஆம் ஆண்டு அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. பின்னாளில் மின்சாரம் எட்டாத லயத்து வீடுகளிலும் அது மின்கலத்தால் பாடியது. அத்தகைய பழைய வானொலி ஒன்றைத் திறந்தால் மின்தடை, மின்தேக்கி, டிரான்சிஸ்டர் யாவும் கம்பிக்கால்களுடன் நிற்பதைக் காணலாம். கால்கள் பலகைத் துளைகளில் நுழைந்து, மறுபக்கத்தில் ஈயப்பற்றால் இறுகியிருக்கும். இவற்றைத் துளைவழிப் பாகங்கள் என்போம். மின்தடையின் மதிப்பை அதன் வண்ணக் கோடுகளே கூறிவிடும். பழுதான பாகத்தைக் கழற்றி மாற்றுவதும் எளிது.

மேற்பரப்புப் பாகங்களின் கதை 1960களில் தொடங்குகிறது. நிலவுக்கு மனிதரை அனுப்பிய சாட்டர்ன் ராக்கெட்டின் கணினியில் ஐ.பி.எம். நிறுவனம் இம்முறையைக் கையாண்டது. 1980களில் இது தொழிற்சாலைகளில் பரவியது. துளையிடும் செலவு குறைந்தது. பலகையின் இருபுறமும் பாகங்களை வைக்க முடிந்தது. இயந்திரமே பாகங்களை எடுத்து விரைவாக அடுக்கியது. ஆக, இம்மாற்றம் இயந்திரத்தின் வசதிக்காக வந்ததே அன்றி, கற்கும் பிள்ளையின் வசதிக்காக வந்ததன்று.

இனி நம் மாநிலத்துக்கு வருவோம். 1971ஆம் ஆண்டின் தடையற்ற வாணிப வட்டாரச் சட்டத்துக்குப்பின் மலேசியாவில் மின்னணு ஆலைகள் பெருகின. சிரம்பானில் மோட்டரோலாவின் ஆலை இருந்தது. 1999இல் அது பிரிந்து ஆன் செமிகண்டக்டர் ஆயிற்று. பிலிப்ஸ் நிறுவனத்தின் குறைகடத்திப் பிரிவு 2006இல் என்.எக்ஸ்.பி. ஆனது, அதிலிருந்து 2017இல் நெக்ஸ்பீரியா பிரிந்தது. அதன் ஆலையும் சிரம்பானில் உள்ளது. தோட்டங்களில் வேலை குறைந்த காலத்தில், அடுத்த தலைமுறைப் பெண்கள் பலர் பால்வாளியை விட்டு ஆலைப் பேருந்தில் ஏறினர்.

அவர்கள் வெறுங்கையோடு சென்றனர் என்று சிலர் கருதுவதுண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. பால்மரம் வெட்டுவோர் பட்டையை மிக மெல்லியதாகச் சீவ வேண்டும். உள்ளிருக்கும் வளர்படலத்துக்கு முன் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டுவைக்க வேண்டும். கத்தி சற்று ஆழ்ந்தால் மரத்தில் காயம் விழும். அவ்விடத்தில் மறுபட்டை சீராக வளராது. விடியற்காலை இருளில் நூற்றுக்கணக்கான மரங்களில் இதனைச் செய்த கைகளின் நுட்பத்தைக் குறைத்து மதிப்பிடலாகாது. உருப்பெருக்கியின் கீழ் முடியினும் மெல்லிய பொற்கம்பியைச் சில்லில் இணைக்கும் வேலைக்கும் அதே பொறுமைதான் தேவைப்பட்டது. ஏட்டில் இடம்பெறாத அத்திறன் நம் குடும்பங்களின் சொத்தாகும்.

ஆகவே என் பரிந்துரை இதுவே. முதலில் துளைவழிப் பாகங்களால் தொடங்குங்கள். அவற்றின் கால்களும் ஈயப்பற்று வேண்டாத பயிற்சிப் பலகையின் துளைகளும் 2.54 மில்லிமீட்டர் இடைவெளிக்குப் பொருந்துவன. பிழையாகச் செருகினால் பிடுங்கி மீண்டும் செருகலாம். மின்சுற்றின் கருத்து மனத்தில் பதிந்தபின் மேற்பரப்புப் பாகங்களுக்குச் செல்லுங்கள். '0805' என்னும் அளவு 2 மில்லிமீட்டர் நீளமும் 1.25 மில்லிமீட்டர் அகலமும் கொண்டது. நுனி கூரிய இடுக்கி, உருப்பெருக்கி, நல்ல வெளிச்சம் ஆகியன இருந்தால் பதின்ம வயதுப் பிள்ளைகள் கையாலேயே பற்றவைக்கலாம். பெரியவர் ஒருவர் அருகில் இருத்தல் வேண்டும். சாளரம் திறந்திருக்க வேண்டும். வேலை முடிந்ததும் கைகழுவ வேண்டும்.

பாகத்தின் உருவம் மாறினாலும் உள்ளியல்பு மாறுவதில்லை என்பதையும் பிள்ளைகளுக்கு உணர்த்துங்கள். பி.சி.547 என்னும் மூன்றுகால் டிரான்சிஸ்டரும், பி.சி.847 என்னும் அரிசியினும் சிறிய டிரான்சிஸ்டரும் ஏறக்குறைய ஒரே வேலையைச் செய்வன. இரண்டையும் ஒரே தாளில் ஒட்டிக் காட்டினால் வகுப்பே வியக்கும். நான் செய்து பார்த்திருக்கிறேன்.

துளைவழிப் பாகங்களோடு நின்றுவிட்டால் நம் பிள்ளைகள் இன்றைய கைப்பேசியின் உள்ளே நடப்பதை அறியார். நேரே மேற்பரப்புக்குச் சென்றாலோ பாகம் தொலைவதையும் பலகை கருகுவதையும் கண்டு, "இது நமக்கு வராது" என்று ஒதுங்கிவிடுவர். பாட்டியின் கை ஒரு மில்லிமீட்டரை அறிந்திருந்தது என்பதை அவர்களிடம் கூறுங்கள். பிறகு இடுக்கியைக் கையில் கொடுங்கள்.